அட்வான்ஸ் கொடுத்தவர்

என் சகலை போன வருஷம் குடும்பத்தோடு சுவிட்சர்லாந்து போய்வந்தார். ஆல்ப்ஸ் எப்படி என்று கேட்டால் "நல்லாத்தான் இருந்துச்சு" என்று முடித்துவிடுவார். லவுட்டர்ப்ருன்னனில் ஒரு வாரம் தங்கிய வாடகை வீட்டைப் பற்றிக் கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டே ஒப்பிப்பார்: முட்டைக் கிண்ணம் 8, ஒயின் கிளாஸ் 6, சீஸ் துருவி 1, துருவியின் பிடியில் கீறல் 1. கீறல் ஏற்கெனவே இருந்தது.

இந்த ஞானத்தின் விலை 500 பிராங்க் டெபாசிட். நம் காசில் ஐம்பதாயிரம் சொச்சம். வாடகை தனி, காலி செய்த பிறகு துப்புரவு செய்யத் தனிக் காசு, இது அதற்கும் மேலே. ஜெர்மன் மொழியில் அதற்குக் கௌட்சியோன் என்று பெயராம். "பேர்லயே காஷன் இருக்கு, பாத்து நடந்துக்குங்க" என்று கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே வீட்டில் எச்சரிக்கை ஆரம்பமாகிவிட்டது.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கல்யாணமான புதிதில் சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துக் குடிபோனவர். காலி செய்தபோது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை, சாமி படம் மாட்டிய ஆணிகளுக்குத் தனியாக என்று பிடித்துக்கொண்டார்கள். மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்ற தமிழ்நாட்டுச் சட்டம் 2019-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் இவருக்கு நடக்கவேண்டியது நடந்துவிட்டது. சுவிட்சர்லாந்திலும் அதே மூன்று மாதம்தான் உச்சவரம்பு. பணத்தையும் குடித்தனக்காரர் பெயரிலேயே பாங்கில் போட்டு வைக்கவேண்டும். ஆனால் ஒரு வாரம் தங்க வருகிறவர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது. ஃப்ளைட்டில் எல்லோரும் சினிமா பார்க்க, இவர் இதைப் படித்துக்கொண்டு போயிருக்கிறார்.

சாவி கைக்கு வந்ததும் பிள்ளைகள் பால்கனிக்கு ஓடின. எதிரே ஸ்டாவ்பாக் அருவி கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரத்திலிருந்து பஞ்சாகப் பறந்து விழுகிறது. சகலை சிங்க்குக்கு அடியில் செல்போன் டார்ச்சோடு மண்டியிட்டிருந்தார். மொத்தம் 143 போட்டோ. அருவி ஒன்றில்கூட இல்லை.

பிரச்சினை சமையலறையில்தான் வந்தது. அவர் மனைவி புடவையில் சுற்றி இரும்புத் தோசைக்கல் கொண்டுபோயிருந்தார். அங்கே இருந்ததோ கண்ணாடி அடுப்பு. "இரும்ப வச்சா கோடு விழும்." தோசைக்கல் பெட்டிக்குள் திரும்பியது. கடுகு தாளித்தால் புகை அலாரம் அடிக்கும், மஞ்சள் சிந்தினால் வெள்ளை மேடை போச்சு. மூன்றாம் நாள் வெளுத்துப்போன சாம்பாரைப் பார்த்து அந்த அம்மாள் கேட்டாராம்: "ஏங்க, டெபாசிட் நாம கொடுத்தோமா, இல்ல வாங்கிட்டு வாட்ச்மேன் வேலைக்கு வந்திருக்கமா?"

ஒரு நாள் யுங்ஃப்ராவ்யோக் போனார்கள். 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஐரோப்பாவிலேயே உயரமான ரயில் நிலையம். சுற்றிலும் பனி, எல்லோரும் வாய் பிளந்து நிற்க, இவர் வாய் திறந்து சொன்னது ஒன்றே ஒன்று: "அடுப்ப அணைச்சியா?"

அங்கே குப்பைக்கு நகராட்சிப் பையைக் காசு கொடுத்து வாங்கவேண்டும். கண்ணாடிப் பாட்டிலை ஞாயிற்றுக்கிழமை தொட்டியில் போடக் கூடாது, சத்தம் கேட்குமாம். இவர்கள் கிளம்பியது ஞாயிறு. காலி ஊறுகாய் பாட்டில் பத்திரமாகச் சென்னைக்கே திரும்பி வந்தது.

கிளம்பும் காலையில் குளியலறைக் கண்ணாடியில் தண்ணீர்த் திட்டுகூட இல்லாமல் துடைத்துவிட்டு, போட்டோக்களை வரிசைப்படுத்திக் காத்திருந்தார். வீட்டுக்காரம்மாள் வந்தார், வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தார், "அல்லெஸ் கூட்", எல்லாம் சரி என்றார், சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"ஒரு ஸ்பூனக்கூட எண்ணலைங்க!" இன்றைக்கும் அவருக்கு ஆறவில்லை. பணம் முழுசாகத் திரும்பிவிட்டது. பிராங்காகப் போய் ரூபாயாகத் திரும்பியதில் கார்டுக்காரன் கழித்துக்கொண்டது வேறு கதை.

மடிப்பாக்கத்தில் இவருக்கே ஒரு வீடு வாடகைக்கு விட்டிருக்கிறது. சுவிஸிலிருந்து வந்த கையோடு குடிவைத்த பையனுக்கு இந்தக் கதை முழுவதையும் சொல்லித்தான் சாவியே கொடுத்தார். பதினொரு மாத அக்ரிமென்ட் முடிந்து போன வாரம் அவன் காலி செய்தான். நானும் கூடப் போயிருந்தேன். சகலை ஹால் சுவரில் டார்ச் அடித்து, "இந்த ஆணி ஏது தம்பி?" என்றார்.

"வரும்போதே இருந்துச்சு சார்" என்று பையன் செல்போனை நீட்டினான். "மொத்தம் 160 போட்டோ. தேதியோட இருக்கு."

சகலை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆணியைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தார்.

"லைட்டிங் நல்லா வந்திருக்கு" என்றார்.