வண்டி யாருடையது?

கடனில் வாங்கினால் கார் நம்முடையது. ஆர்.சி.யில் நம் பெயர் இருக்கும், கூடவே வங்கியின் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். 84 மாதம் தவணை கட்டி முடித்தாலும் வங்கி தானாக இறங்காது. தடையில்லாச் சான்று, படிவம் 35 எல்லாம் வாங்கி ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அலைந்து நாம்தான் இறக்கிவிட வேண்டும். காரின் விலை மட்டும் நம்மைக் கேட்காமலே இறங்கியிருக்கும்.

லீசுக்கு எடுத்தவருக்கு இந்த அலைச்சல் இல்லை. இன்சூரன்ஸ், சர்வீஸ்கூடப் பெரும்பாலும் வாடகையில் அடக்கம். ஆனால் ஓட்டுவதற்குக் கிலோமீட்டர் வரம்பு உண்டு. மீறினால் தனிக் கட்டணம். மாமியார் ஊர் தொலைவில் இருப்பவர்களுக்கு இது ஒரு வரம். திருப்பிக் கொடுக்கும்போது டார்ச் அடித்துக் கீறல் தேடுவார்கள்.

எந்த வழியில் வந்த வண்டியானாலும், சக்கரத்தடியில் வைக்கும் எலுமிச்சம்பழம் மட்டும் முழுக்க நம் சொத்து.