தேங்காய்ச் சாமியார்

ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் தென்னை வளராது. ஆகஸ்ட் எங்கல்ஹார்ட்டுக்குத் தேங்காய் மேல் பைத்தியம் பிடித்ததற்கு அதுவே முதல் காரணமாக இருக்க வேண்டும். வீட்டுக் கொல்லையில் நாலு மரம் நின்று, மட்டை விழுந்து ஓடு உடைந்திருந்தால் இந்த பக்தி வந்திருக்காது.

1875-ல் பிறந்தவர். மருந்துக்கடை உதவியாளர். துணி, மாமிசம், சமைத்த சோறு எல்லாவற்றையும் துறந்தால்தான் மனிதகுலம் உருப்படும் என்று நம்பிய ஜெர்மானியர்கள் அப்போது நிறையப் பேர். எங்கல்ஹார்ட் அவர்களையும் தாண்டிப் போனார். சூரியன்தான் கடவுள். சூரியனுக்குப் பக்கத்தில், உச்சாணியில் காய்ப்பது தேங்காய். அது மனிதத் தலை போலவே உருண்டை. ஆகவே தேங்காய் தின்பது கடவுளையே தின்பது. விடாமல் தின்றால் சாவே கிடையாது. தர்க்கம் முடிந்தது. (பனைமரத்தைப் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பாரோ. அதுவும் உயரம், நுங்கும் உருண்டை.) 1898-ல் நண்பர் ஆகஸ்ட் பெத்மனோடு சேர்ந்து இதைப் புத்தகமாகவே போட்டார். தலைப்பு: ‘கவலையற்ற எதிர்காலம்’.

புத்தகம் போட்டால் போதுமா, தேங்காய்க்கு எங்கே போவது? 1902-ல் கப்பல் ஏறி, அன்றைய ஜெர்மன் நியூ கினியில் போய் இறங்கினார். அங்கே ‘ராணி எம்மா’ என்று ஒரு அம்மாள். அப்பா அமெரிக்கர், அம்மா சமோவாக்காரர், தொழில் கொப்பரை. வந்தவரின் கண்ணில் பக்தியையும் மடியில் பணத்தையும் பார்த்த எம்மா, கபகோன் தீவில் சுமார் 75 ஹெக்டேர் தென்னந்தோப்பை அவர் தலையில் கட்டினார். பக்தர் பரம சந்தோஷமாக ஆயிரத்துச் சொச்சம் புத்தகங்களோடு குடியேறினார்.

அந்தக் காலத்துப் படம் ஒன்று உண்டு. எங்கல்ஹார்ட் நீண்ட முடியும் தாடியுமாக நிற்கிறார். படத்துக்காகவோ என்னவோ இடுப்பில் ஒரு துண்டு. காலடியில் மாக்ஸ் லூட்சோ உட்கார்ந்திருக்கிறார். பெர்லினில் சங்கீத வித்வானாக இருந்தவர், தேங்காய்க்குச் சிஷ்யராகிவிட்டார். அந்தத் தீவில் ஏற்கெனவே மெலனேசியர்கள் இருந்தார்கள். தலைமுறை தலைமுறையாகத் தென்னை நிழலில் வாழ்ந்த அந்த ஜனங்கள் தேங்காயோடு மீன், சேம்பு, வாழை, பன்றிக்கறி எல்லாம் சாப்பிட்டார்கள். தேங்காயைப் பற்றி இவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே என்று நியூரம்பர்க்காரருக்குத் தோன்றவே இல்லை. ஊரை நேசிப்பவர்களுக்கு ஊர்க்காரர்கள் எப்போதும் இடைஞ்சல்தான்.

சாகாவரத்தின் கணக்கு இதோ. 1903 கடைசியில் வந்த முதல் சிஷ்யர், 24 வயது இளைஞர், சில வாரங்களில் செத்தார். 1905-ல் லூட்சோ. 1906-ல், புத்தகத்தில் பங்காளியான பெத்மனே போய்ச் சேர்ந்தார். தென்னை மரத்தில் தேள் கொட்டினால் பனைமரத்தில் நெறி கட்டும் என்பார்கள். இங்கே தென்னையே நேராகக் கொட்டியும் குருவுக்கு உறைக்கவில்லை. ஒரு கட்டத்தில் அவரையே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். 166 சென்டிமீட்டர் உயர ஆள், எடை 39 கிலோ. உடம்பெல்லாம் புண்.

ஒருவழியாகத் தேறினார். அதன்பின் சிஷ்யர்கள் வருவது நின்று, வேடிக்கை பார்ப்பவர்கள் வர ஆரம்பித்தார்கள். முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியப் படை தீவுகளைப் பிடித்தபோது எதிரி நாட்டுக்காரர் என்று கொஞ்ச நாள் அடைத்து வைத்தார்கள். இந்த ஆளால் யாருக்கு என்ன ஆபத்து என்று விட்டுவிட்டார்கள். 1919-ல் இறந்தார். வயது 43. புதைத்த இடம் இன்றுவரை தெரியாது.

இந்தக் கதையில் தேங்காயைச் சரியாகப் புரிந்துகொண்டவர் ராணி எம்மா ஒருவர்தான். உடைத்தார், காயவைத்தார், கொப்பரையாக விற்றார், தோப்பையும் விற்றார். 1913-ல் மான்டே கார்லோவில் கண்ணை மூடியபோது பணக்காரியாகத்தான் மூடினார்.