கரையில்லா ஊரின் கடற்போர்

பாய்மரக் கப்பல் காலத்துக் கடற்போரை மின்னஞ்சல் வழியே ஆடும் விளையாட்டில், ஆடுவோர் தத்தம் கப்பல்களுக்குரிய கட்டளையை நடுவருக்கு எழுதியனுப்ப, அவர் காற்றின் திசையையும் பீரங்கிச் சேதத்தையும் கணக்கிட்டு, அவரவர் கண்ணுக்கு எட்டக்கூடியதை மட்டும் திருப்பி எழுதுவார். அதாவது, எந்தப் பக்கமும் சேராமல் இரு பக்கத்துச் சுமையையும் சுமப்பவர் அவர் ஒருவரே.

இதனைப் புதுமை என்று காரைக்குடியில் சொன்னால் எடுபடாது. பூம்புகாரிலிருந்து வந்ததாக மரபுரை கூறும் அவ்வட்டார வணிகரான நகரத்தார், வறண்ட உள்நாட்டு மண்ணில் இருந்துகொண்டே, இரங்கூனிலும் பினாங்கிலும் வட்டிக்கடைகளைக் கடிதத்தால் நடத்தினர். மூன்றாண்டுத் தவணைக்குக் கப்பலேறிய ஏஜெண்டு, தமக்குக் கீழிருந்த 'அடுத்தாள்' எனும் உதவியாளரோடு கணக்கை எழுதியனுப்ப, முதலாளி வீட்டிலிருந்தபடியே அடுத்த காயை நகர்த்தினார். தோற்றால் போனது மெய்யான பணம் என்பதுதான் வேறுபாடு.

மெய்யான கடற்போரின் அஞ்சலோ இன்னும் மோசம். 1782, 1783 ஆண்டுகளில் பிரெஞ்சுத் தளபதி சூஃப்ரனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை எனப் பலவிடங்களில் ஐந்து முறை மோதினர். ஐந்தாவதான கடலூர்ப் போர் 1783 ஜூன் 20-இல் நடந்தபோது, இரு நாடுகளும் ஐரோப்பாவில் முதற்கட்ட அமைதி உடன்படிக்கையில் கையெழுத்திட்டுச் சரியாக ஐந்து மாதம் ஆகியிருந்தது. செய்தி மட்டும் வந்து சேரவில்லை.

இன்றைய மின்னஞ்சல் ஆட்டத்தில் கட்டளை நொடியில் போய்விடுகிறது. ஆனால் அதை எழுத வேண்டியவர் உறவினர் கல்யாணத்துக்குப் போய்விடுவதால், கப்பற்படை கடலூருக்கு வெளியே காற்றுக்காக அன்றி, அவர் பந்தி முடிந்து திரும்புவதற்காக நங்கூரமிட்டு நிற்கிறது.