கோதுமைத் துறவி

திருநெல்வேலிக் கல்யாண வீடுகளில் இவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கும்போது இவர் மட்டும் எழுந்து சமையல்கட்டுக்குள் போவார். தவசுப்பிள்ளையை ஓரமாக அழைத்துக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "அண்ணாச்சி, சாம்பாருக்கு என்ன காயம் போட்டிய? அந்த டப்பாவக் கொஞ்சம் காட்டுங்களேன்." வந்திருப்பது மாப்பிள்ளை வீட்டு உளவாளி என்று முடிவுகட்டிய தவசுப்பிள்ளை, "எல்லாம் ஒசத்திச் சரக்குதான்" என்பார்.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. சுத்தப் பெருங்காயத்தின் காட்டத்தை யாரும் தாங்க முடியாது என்பதால், கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோந்தும் மாவும் சேர்த்திருப்பார்கள். அந்த மாவு பல சமயம் மைதாதான், அதாவது கோதுமை. இவருக்கோ கோதுமை ஆகாது. டப்பாவின் முதுகில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். இதைப் படிப்பதற்கென்றே சட்டைப்பையில் ஒரு பூதக்கண்ணாடி வைத்திருக்கிறார்.

இவருக்கு வருஷக்கணக்காக முழங்கையிலும் முழங்காலிலும் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி அரித்தது. வயிறு உப்பி, நினைத்த நேரத்தில் ஓட வைத்தது. களிம்பு, கஷாயம், குலதெய்வம் எல்லாம் ஆயிற்று. சர்க்கரைக்குப் பயந்து ராத்திரிச் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறிய பிறகுதான் தொந்தரவு முற்றியது என்று தானே கண்டுபிடித்தார். சப்பாத்தியை நிறுத்தினார். வயிறு அடங்கியது, சில மாதங்களில் தோலும் அடங்கியது.

அதோடு விட்டிருக்கலாம். டாக்டரிடம் போனார். "இது ரொட்டி திங்கிற ஊர்க்காரங்க வியாதியாச்சே" என்றார் டாக்டர். முழுப் பொய்யில்லை. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்கான எதிர்ப்பொருள்கள் வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் ரத்தத்தில் இருக்கின்றன. தெற்கே ஆயிரத்துக்கு ஒருவருக்குத்தான். "அந்த ஆயிரத்தில் ஒருவன் நான்தான்" என்று எம்.ஜி.ஆர். மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார் நம்மவர்.

"அப்போ ஆறு வாரம் தினமும் கோதுமை சாப்பிட்டுட்டு வாங்க, டெஸ்ட் எடுத்துரலாம்."

"திருடனை அடையாளம் காட்டுறதுக்காக அவனை வீட்டுல வச்சு விருந்து போடச் சொல்லுதியளா டாக்டர்?"

டாக்டர் சொன்னது சரிதான். கோதுமையை விட்டுவிட்டால் ரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் குறைந்துவிடும், குடலும் தேறிவிடும். பிறகு சோதித்தால் ஒன்றுமில்லை என்றே முடிவு வரக்கூடும். இவர் மறுத்ததும் சரிதான். ஆகவே அவஸ்தை உண்டு, அத்தாட்சி இல்லை.

சொந்தக்காரர்களுக்கு அத்தாட்சிதான் முக்கியம். "டாக்டர் எழுதிக் குடுத்தாராய்யா?" என்பார் பெரியம்மா. இல்லை என்றால், "பின்ன என்ன? ஒரு துண்டு அல்வாவுல என்னய்யா ஆயிரப் போவுது?" என்று இலையில் வைத்துவிடுவார். கோதுமைப் பாலில் கிண்டிய அல்வா. திருநெல்வேலியில் பிறந்தவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை எந்தச் சட்டத்திலும் கிடையாது.

பாவம்தான், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. நீங்கள் பூரியைப் பிய்க்கும்போது, கோதுமைதான் குற்றவாளி என்று 1950இல் ஆய்வேடே எழுதிய ஹாலந்து டாக்டர் டிக்கேயைப் பற்றி ஆரம்பிப்பார். போர்க்காலப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காதபோது நோயாளிக் குழந்தைகள் தேறியதையும், ரொட்டி திரும்பியதும் மறுபடி படுத்ததையும் பாயசம் வரும்வரை சொல்வார். பாயசம் வந்ததும், "சேமியாவா, ஜவ்வரிசியா?" என்று எழுந்து நின்று கேட்பார். பேரன் கணக்கில் தோற்றாலும், வாசலில் வண்டி பஞ்சரானாலும் மைதாவைத்தான் சந்தேகிப்பார். இந்த மனிதர் பொய் சொல்லவில்லை. கொஞ்சம் அதிகமாகச் சொல்கிறார், அவ்வளவுதான்.

உங்களுக்கும் கோதுமைமேல் சந்தேகம் இருந்தால், தயவுசெய்து அதை நிறுத்துவதற்கு முன்னாலேயே ரத்தப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். ஒரு முறை ஊசி குத்தினால் போதும். பெரியம்மாவிடம் காட்டக் கையில் ஒரு காகிதமாவது இருக்கும்.