இருபதாவது ஆள்

ஆரெகன் மாநிலத்துக்கு நான் குடிவந்த புதிதில், 2001 ஜூனில், சட்டமன்ற உறுப்பினர்கள் ஓடிப்போனார்கள். கட்சி மாறி ஓடுவதை ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். இவர்கள் கட்சியிலேயே இருந்துகொண்டு கட்டடத்தை விட்டு ஓடினார்கள். தொகுதி மறுவரையறையை ஆளுநரின் கையெழுத்துக்கே போகாதபடி ஒரு தீர்மானமாக நிறைவேற்றிவிடக் குடியரசுக் கட்சியினர் திட்டம் போட்டார்கள். பிரதிநிதிகள் சபையில் சிறுபான்மையாக இருந்த ஜனநாயகக் கட்சியினர் கூண்டோடு காணாமல் போனார்கள். மொத்தம் 60 பேரில் 40 தலை தெரிந்தால்தான் அங்கே கோரம். ஆள் இல்லை, அவை இல்லை, தீர்மானமும் இல்லை. மறுவரையறை வேலை கடைசியில் மாநிலச் செயலாளர் கைக்குப் போனது. அவரும் ஜனநாயகக் கட்சிக்காரர்தான்.

ஹில்ஸ்பரோவில் எங்கள் ஆபீஸ் சாப்பாட்டு மேசையில் மூத்த சகா ஒருவர் எனக்குப் பாடம் எடுத்தார். தீவிர ஜனநாயகக் கட்சிக்காரர். மூன்றில் இரண்டு பங்கு கோரம் என்பது சிறுபான்மையின் கடைசிக் கவசமாம். அரசியல் சாசனம் எழுதிய முன்னோரின் தொலைநோக்காம். தயிர்சாத டப்பாவை மூடி வைத்துவிட்டுப் பயபக்தியோடு கேட்டுக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்த கணக்கு வேறு. இந்தியாவில் சட்டமன்றக் கோரம் பத்தில் ஒரு பங்கு, அல்லது பத்துப் பேர், எது அதிகமோ அது. 234 பேர் கொண்ட தமிழகப் பேரவை நடக்க 24 பேர் போதும். நெருக்கடி நிலைக் காலத்தில் வந்த 42ஆவது திருத்தம் அதையும் சாசனத்திலிருந்து எடுத்துவிட்டு, எத்தனை பேர் என்பதை அவைகளே விதி போட்டு வைத்துக்கொள்ளட்டும் என்றது. அந்தப் பிரிவு அமலுக்கு வருவதற்குள் ஜனதா ஆட்சியின் 44ஆவது திருத்தம் அதைத் தூக்கிவிட்டது. ஆக, நம் ஊரில் எதிர்க்கட்சி மொத்தமும் எழுந்து போனாலும் பேரவை அசையாது. வெளிநடப்பு செய்தவர்கள் வாசலில் பேட்டி கொடுத்து முடிப்பதற்குள் மசோதா நிறைவேறியிருக்கும். நம்மவர்களை ரிசார்ட்டில் அடைப்பது பத்திரமாகக் கொண்டுவந்து ஓட்டுப் போட வைக்க. இங்கே ஒளிவது ஓட்டெடுப்பே நடக்காமலிருக்க. 2017இல் கூவத்தூர் ரிசார்ட்டைப் பற்றி அதே சகா விசாரித்தபோது இந்த வித்தியாசத்தைப் புரியவைப்பதற்குள் சாப்பாடு ஆறிவிட்டது.

2019இல் ஆரெகனில் நாற்காலிகள் இடம் மாறியிருந்தன. செனட்டில் 30 பேர், கோரத்துக்கு 20 பேர் வேண்டும், ஜனநாயகக் கட்சிக்கு இருந்தது 18. கரியமில வாயுவுக்கு உச்சவரம்பு வைக்கும் மசோதா வந்ததும் குடியரசுக் கட்சியின் 11 செனட்டர்களும் மறைந்தார்கள். சிலர் பக்கத்து மாநிலமான ஐடஹோவில். ஆளுநர் கேட் பிரவுன் தேடிப்பிடிக்க மாநிலப் போலீஸை ஏவினார். பிரையன் பாக்விஸ்ட் என்ற செனட்டர், என்னைப் பிடிக்க வருவதானால் கல்யாணமாகாத போலீஸ்காரர்களாகப் பார்த்து, நிறைய ஆயுதத்தோடு அனுப்புங்கள் என்றார்!

என் சகா கொதித்தார். "கோழைகள்! வேலைக்கு வராதவனை நம்ம ஆபீஸில் வைத்துக்கொள்வார்களா?"

கடைசிக் கவசத்தை மெல்ல நினைவூட்டினேன்.

"அது வேறு," என்றார்.

மாமியார் உடைத்தால் மண்குடம். எங்கள் எதிர்வீட்டுக் குடியரசுக் கட்சிக்காரரும் இந்தப் பதினெட்டு வருஷத்தில் அதே தூரத்தை எதிர்த்திசையில் நடந்து வந்திருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2022இல் விஷயம் மக்களிடம் வந்தது. அனுமதியில்லாமல் பத்து நாள் மட்டம் போட்டால் அடுத்த பதவிக்காலம் கிடையாது என்ற 113ஆம் இலக்கத் திருத்தத்துக்கு 68 சதவீதம் பேர் சரி என்றார்கள். இனி யார் ஓடுவார் என்றிருந்தோம். 2023 மே மாதம் குடியரசுக் கட்சியினர் மறுபடி ஓடினார்கள், ஆறு வாரத்துக்கு! உள்காரணம் கருக்கலைப்பு, துப்பாக்கி மசோதாக்கள். வெளியே சொன்ன காரணம், மசோதாச் சுருக்கங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும்படி இருக்க வேண்டும் என்று 1979இல் போட்ட சட்டம் மீறப்படுகிறது என்பது. நேரலையில் பார்த்தேன். பெயர்களை வரிசையாகப் படிப்பார்கள், எண்ணுவார்கள், இருபதாவது ஆள் இல்லை, ஒத்திவைப்பு. வராதவர்களுக்கு நாளொன்றுக்கு 325 டாலர் அபராதம் என்றார்கள். அதற்கும் யாரும் அசையவில்லை.

பத்து செனட்டர்கள் பத்து நாள் வரம்பைத் தாண்டினார்கள். திருத்தத்தின் வாசகமோ, பதவிக்காலம் முடிந்தபின் வரும் தேர்தலைப் பற்றிப் பேசுகிறது. தேர்தல் நவம்பரில், பதவிக்காலம் முடிவது ஜனவரியில். ஆகவே தடை இந்த முறைக்கல்ல, அதற்கும் அடுத்த முறைக்குத்தான் என்று வாதாடினார்கள். நல்ல வக்கீல் மூளை. ஆனால் ஓட்டுப் போட்டவர்கள் என்ன நினைத்துப் போட்டார்களோ அதுதான் பொருள் என்று 2024 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது.

இத்தனை அமளியிலும் மாறாமல் நின்றது அந்த மூன்றில் இரண்டு பங்குதான். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் பாதிக்கு மேல் ஆள் இருந்தால் அவை நடக்கும். ஆரெகன், டெக்சஸ், இண்டியானா, டென்னசி நான்கும்தான் விதிவிலக்கு. டெக்சஸ்காரர்கள் 2003இல் ஓக்லஹோமாவுக்கும் 2021இல் வாஷிங்டன் டி.சி.க்கும் 2025இல் இலினாய்க்கும் போய்வந்தார்கள். ஆரெகனிலும் எண்ணைக் குறைக்கச் சொல்லித் தீர்மானங்கள் வந்தன, தேறவில்லை. என்னைக் கேட்டால் திருத்த வேண்டியது அந்த எண்ணைத்தான், தண்டனையை அல்ல. இன்று துரத்துகிறவருக்கு நாளை ஓட வேண்டிவரலாம் என்ற கவலை இருக்கும்வரை அது நடக்காது.

தண்டனை எப்படி வேலை செய்தது என்பதற்கு ஒரே ஒரு தகவல்: தடைசெய்யப்பட்டவர்களில் ஆர்ட் ராபின்சனும் ஒருவர். 2024 நவம்பரில் அவர் தொகுதியில் நின்று ஜெயித்து செனட்டுக்குப் போனவர் அவருடைய மகன் நோவா.