சுத்தியலிடம் கேளுங்கள்

கேள்வி: 1953 செவ்ரோலெட் 3100 பிக்கப் வாங்கியிருக்கிறேன். சேஸிஸ் முழுக்கத் துரு. வீட்டிலேயே பெயிண்ட் அடித்தால் போதுமா?

பதில்: போதாது. துருமேல் அடித்த பெயிண்ட், துருவுக்குப் போர்த்திய போர்வை. உள்ளே அது சுகமாக வளரும். முதலில் சட்டம் நெடுகச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்றால் இரும்பு உயிரோடிருக்கிறது, சொத்தென்றால் அரித்துவிட்டது. ரிவெட் அடித்த இரட்டைத் தகடுகளை நன்றாகப் பாருங்கள். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், தகடுகளையே பிளந்துவிடும். மேல்துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, கையுறையோடு பாஸ்பாரிக் அமிலம் தடவி, கழுவிக் காயவைத்து எபாக்சி பிரைமர் அடிக்கலாம். ஓட்டைக்குப் புட்டி வேண்டவே வேண்டாம்! அழுகியதை வெட்டி, அதே கனமுள்ள தகட்டை வெல்டிங் செய்யுங்கள். அதற்குமுன் மூலைக்கு மூலை குறுக்களவு எடுப்பது முக்கியம். சூட்டில் சட்டம் கோணலாம். வெல்டிங் கைவராதவர் அதை மட்டும் தெரிந்தவரிடம் விடட்டும். என்ஜினோடு உங்களையும் சுமக்கப்போவது அந்தச் சட்டம்தானே!