‘நீங்களே சேர்மன்’: சேவைச் சங்கங்களில் யோசனை பிறந்து மறையும் விதம் குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுக் களம் ஒரு தாலுகா தலைநகர். அங்கே ஒரு சேவைச் சங்கம். எந்தச் சங்கம் என்பது ஆய்வு அறம் கருதி மறைக்கப்படுகிறது. பஸ் ஸ்டாண்டு நிழற்குடையிலும், பூங்காவின் சிமென்ட் பெஞ்சிலும், போலீஸ்காரர் நடுரோட்டில் வைக்கும் தடுப்பிலும், அரசுப் பள்ளியின் குடிநீர்த் தொட்டியிலும் அதன் பெயர் பெரிதாக எழுதப்பட்டிருப்பதால் மறைப்பது அத்தனை சுலபமாக இல்லை.

ஆய்வு முறை: லாட்ஜ் மாடி ஹாலில் பின்வரிசையில் சமோசாவோடு உட்கார்ந்திருத்தல். மானுடவியலார் இதைப் பங்கேற்று நோக்கல் என்பார்கள். அழைப்பிதழில் மாலை ஏழு மணி என்று இருக்கும். ஏழு மணிக்கு வருபவர் ஆய்வாளரும் மைக்செட்காரரும் மட்டுமே.

ஆய்வுப் பொருள் யோசனை. உறுப்பினர் ஒருவர் எழுந்து, தொண்டையைச் செருமி, “தலைவரே, ஒரு சின்ன யோசனை” என்கிறாரே, அது. அது எங்கிருந்து வருகிறது என்பதை உளவியலாருக்கு விட்டுவிடுவோம். எங்கே போகிறது என்பதே நமது கேள்வி. களத்தில் பதிவான ஒரு நிகழ்வு வருமாறு.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுந்தார்.

“தலைவரே, பஸ் ஸ்டாண்டுல பொம்பளைங்க ஒதுங்க ஒரு சுத்தமான எடம் இல்ல. காலேஜ் போற பிள்ளைங்க தண்ணி குடிக்கவே பயப்படுதுங்க. நகராட்சிகிட்ட எடம் கேட்டு நம்ம சங்கம் ஒரு கழிப்பறை கட்டலாம். கட்டினா மட்டும் போதாது, கழுவி விடவும் ஆள் போடணும்.”

தலைவர் ஜவுளிக்கடைக்காரர். யார் மனமும் கோணாமல் பேசும் வித்தை அவருக்குத் தொழில்வழி வந்தது.

“அருமை சார்! எனக்கே இது ரொம்ப நாளா மனசுல இருந்துச்சு. சார் அனுபவசாலி. அதனால இந்தப் புராஜெக்டுக்கு சாரே சேர்மன். எல்லாரும் கை தட்டுங்க.”

தட்டினார்கள். யோசனை அந்தக் கைதட்டலிலேயே காலமானது.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். யோசனைகள் எதிர்ப்பால் சாகின்றன என்பது பொதுவான நம்பிக்கை. சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. பால் ஹாரிஸ் என்ற வக்கீல், ஒரு நிலக்கரி வியாபாரியையும் ஒரு சுரங்கப் பொறியாளரையும் ஒரு தையற்காரரையும் சேர்த்துக்கொண்டு 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் தொடங்கியது ரோட்டரி சங்கம். அது 1907-இல் கையில் எடுத்த முதல் பொதுச் சேவையே, நகரத்துக்குப் பொதுக் கழிப்பறை வேண்டும் என்பதுதான். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. பீர் காய்ச்சுவோர் எதிர்த்தார்கள்: ஆண்கள் ஒதுங்க மதுக்கடைகள் இருக்கின்றனவே, ஒதுங்க வருகிறவன் ஒரு கோப்பை குடிக்காமலா போகிறான்? பெரிய அங்காடிக்காரர்களும் எதிர்த்தார்கள்: பெண்களுக்குத்தான் எங்கள் கடைகள் உண்டே. இத்தனை எதிர்ப்புக்கும் நடுவில் கழிப்பறை வந்தது. நமது தலைமையாசிரியரை ஒருவரும் எதிர்க்கவில்லை. எதிர்த்திருந்தால் வீம்புக்காவது கட்டியிருப்பார்கள். பாராட்டு கிடைத்த யோசனைக்குப் போக்கிடம் ஏது?

அடுத்து நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். நான் சொல்கிறேன், சங்கம் செய்யும் என்று தலைமையாசிரியர் நினைத்திருந்தார். அவர் சொன்னார், அவரே செய்வார் என்று சங்கம் நினைத்தது. நகராட்சி அலுவலகத்துக்கு அவர் தனியாக நடந்தார். இட வரைபடம், மதிப்பீடு, கவுன்சிலர் ஒப்புதல் என்று பேப்பர் சேர்ந்தது, ஆள் சேரவில்லை. பிறகு கூட்டத்துக்கு அவர் வருவது குறைந்தது. ஒரு யோசனைக்கு விலையாகச் சங்கம் ஓர் உறுப்பினரைக் கொடுத்தது. இதில் கவனிக்க வேண்டியது பக்கவிளைவு. அடுத்த கூட்டத்தில் “வேற யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?” என்று தலைவர் கேட்டபோது ஏசி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. எல்லோருக்கும் யோசனை இருந்தது. எல்லோருக்கும் குடும்பமும் இருந்தது.

முன்வரிசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே முன்னாள் தலைவர்கள் அமர்கிறார்கள். சேவைச் சங்கத்தில் முன்னாள் தலைவர் என்பது ஆயுட்காலப் பதவி. இந்நாள் தலைவருக்கு ஓர் ஆண்டு, அவ்வளவுதான். முன்வரிசை எந்த யோசனையையும் மறுப்பதில்லை. “இதை நம்ம பீரியட்லயே செஞ்சாச்சு தம்பி” என்று மட்டும் சொல்லும். அப்போது செய்ததைத் தேடிப்போய்ப் பார்த்தால் ஒரு கல்வெட்டு கிடைக்கும், அதன் பின்னால் எதுவும் இருக்காது. தொல்லியலுக்கு இது புதிய பிரச்சினை. மற்ற இடங்களில் கட்டடம் நின்று கல்வெட்டு சிதைகிறது.

கல்வெட்டு என்றதும் உத்திரமேரூருக்குப் போகாமல் எந்தத் தமிழ் ஆய்வாளராலும் இருக்க முடியாது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும், பொறிக்கப்பட்ட சபை விதிகள் அங்கே இருக்கின்றன. முப்பது குடும்புகளிலிருந்து, அதாவது ஊர்ப் பிரிவுகளிலிருந்து, குடவோலை எடுத்து சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று பிரித்தார்கள். பதவிக்காலம் முந்நூற்று அறுபது நாள். இரண்டாம் கல்வெட்டுப்படி வயது 35-க்குக் குறையாமல் 70-க்கு மேற்படாமல் இருக்க வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்தவர் பெயர் குடத்துக்குள் போகக் கூடாது. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்கவே முடியாது.

ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை ஆளும் நமது தலைவருக்குச் சோழர் கொடுத்ததைவிட ஐந்து நாள் அதிகம். மற்ற விதிகளை அப்படியே பொருத்தினால் சங்கத்தில் மைக்செட்காரர் ஒருவரே தகுதி பெறுவார். இன்னொன்றும் தெரிகிறது: ஏரிக்கு வாரியம் வைத்த சபை, பொன்னாடை போர்த்த வாரியம் வைத்ததாகக் குறிப்பு இல்லை. ஏரி வாரியத்தில் ஆள் மாறினாலும் ஏரி இருந்த இடத்தில் இருந்தது. புதிதாக வந்தவர் கரையைப் பார்த்தே தன் வேலையைத் தெரிந்துகொண்டார். சேவைச் சங்கத்தில் ஆள் மாறும்போது வேலையும் சேர்ந்து மாறுகிறது. ஜூலையில் பதவியேற்பு விழா. அடுத்து சங்கத்தின் மாவட்ட ஆளுநர் வருகை. தீபாவளி, பொங்கல். பொங்கல் கழிந்ததும் அடுத்த தலைவர் யார் என்ற பேச்சு தொடங்கிவிடும். மாசி பிறந்தபின் யார் எதைச் சொன்னாலும் “புதுத் தலைவர் பாத்துக்குவார்” என்பதே பதில். ஆக, ஒரு யோசனை உயிரோடு உலவக் கிடைக்கும் காலம் ஆடிக்கும் ஐப்பசிக்கும் இடைப்பட்டது. அதிலும் ஆடியில் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள்.

கூட்ட நடைமுறைக்கு வருவோம். ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர் 1863-இல் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கப் போய், கூட்டம் கட்டுக்கடங்காமல் போக, அந்த அவமானத்தில் விதிகளைத் தேடிப் படித்து 1876-இல் நூலாக வெளியிட்டார். ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும் என்பதையெல்லாம் இன்று பலர் அவர் நூல் வழியாகப் படிக்கிறார்கள். நமது களத்தில் வழிமொழிதலை மருந்துக்கடை அண்ணாச்சி ஒருவரே ஆண்டுக்கணக்காகச் செய்துவருகிறார். முன்மொழிபவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் செய்துவிடுவார். என்ன தீர்மானம் என்று ஒருமுறை கேட்டதற்கு, “அதெல்லாம் நல்லதாத்தான் இருக்கும்” என்றார். ராபர்ட் இவரைப் பார்த்திருந்தால் புத்தகம் இன்னும் மெலிந்திருக்கும்.

சிங்கப்பூரில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த பார்க்கின்சன் 1957-இல் வெளியிட்ட நூலில் ஒரு நிதிக்குழு வருகிறது. அணு உலைக்கு நிமிடக்கணக்கில் ஒப்புதல் தரும் அக்குழு, சைக்கிள் கொட்டகைக்கு நெடுநேரம் எடுத்துக்கொள்ளும், சிற்றுண்டிச் செலவுக்கு அதைவிட நேரம் எடுத்துக்கொள்ளும். புரியாததில் வாய் திறக்க முடியாது, புரிந்ததில் மூடியிருக்க முடியாது. நமது களமும் இதை உறுதிசெய்கிறது. மேலே சொன்ன கழிப்பறைக்கு ஆன நேரம், ஒருவர் ஒரு வாய் தண்ணீர் குடிக்கும் நேரம். பதவியேற்பு விழா பிளக்ஸில் யார் படம் எந்த அளவில் என்பதற்கு இரண்டு கூட்டம் போதவில்லை. பார்க்கின்சன் காலத்தில் பிளக்ஸ் கிடையாது என்பதால் அவர் சிற்றுண்டியோடு நின்றுவிட்டார்.

எந்த யோசனைதான் பிழைக்கிறது? இந்த ஆய்வாளர் முதலில் கொண்ட கருதுகோள் எளியது: புகைப்படத்துக்குள் அடங்கும் யோசனை பிழைக்கும். தையல் இயந்திரம் அடங்கும். நோட்டுப் புத்தகம் அடங்கும். மரக்கன்று அடங்கும், மரம் அடங்காது. கண் சிகிச்சை முகாமும் இதற்குப் பொருந்துவதாகவே தோன்றியது. ஆனால் முகாமின் உள்ளமைப்பைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை, முகாம்களில் வேலையைத் துல்லியமாகப் பிரித்தது. இடம் பிடிப்பது, நோட்டீஸ் அடிப்பது, ஊர் ஊராக ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வது எல்லாம் உள்ளூர் அரிமா (லயன்ஸ்), ரோட்டரி போன்ற அமைப்புகளுக்கு. கண்ணைப் பார்ப்பதும், புரை உள்ளவர்களைப் பஸ்ஸில் அழைத்துப்போய் அறுவை செய்து திரும்பக் கொண்டுவந்து விடுவதும் மருத்துவமனைக்கு. சங்கம் முடிவெடுக்க வேண்டியது அதிகம் இல்லை, செய்ய வேண்டியது நிறைய. பிளக்ஸ் அளவில் சண்டை நடந்தாலும் பாட்டிக்குக் கண் தெரிகிறது.

கருதுகோளை அடியோடு சாய்த்தது சுடுகாடு. தமிழ்நாட்டின் பல ஊர்களில் எரிவாயு தகன மேடைகளைச் சேவைச் சங்கங்கள்தான் நடத்துகின்றன. அங்கே நின்று யாரும் சிரித்துக்கொண்டு படம் எடுப்பதில்லை. பயனாளி நன்றியுரை ஆற்றுவதும் இல்லை. ஞாயிறு, தீபாவளி, அடைமழை எல்லா நாளும் ஆள் இருக்க வேண்டும். இருந்தும் அது ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. காரணத்தைக் கேட்டால் பெரும்பாலும் ஒன்றுதான் சொல்கிறார்கள்: அதற்குத் தனியாக ஓர் அறக்கட்டளை வைத்து, ஜூலைக்கு ஜூலை ஆள் மாறும் ஏற்பாட்டிலிருந்து அதைப் பிரித்து எடுத்துவிட்டார்கள். தலைவர் மாறுவார், அடுப்பு மாறாது. போலியோவிலும் இதுவே நடந்தது. பிலிப்பைன்ஸில் 1979-இல் தொடங்கி, 1985-இல் உலகத் திட்டமான அந்த ஒரு யோசனையை, ஆண்டுக்கொரு தலைவர் வந்தும் ரோட்டரி கைவிடவில்லை. அரசும் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து இழுத்த அந்தத் தேரில் இயற்கைப் போலியோ கிருமியால் பாதிக்கப்பட்ட இந்தியாவின் கடைசி நோயாளி பதிவானது 2011 ஜனவரியில்.

வெளியார் யோசனைக்கும் இடம் உண்டு என்பதை ஹெலன் கெல்லர் காட்டுகிறார். 1925 ஜூன் 30 அன்று ஒஹையோ மாநிலத்தில் சிடார் பாயிண்டில் நடந்த அரிமா மாநாட்டில் அவர் விருந்தினராகப் பேசினார். பார்வையற்றோருக்காக நீங்கள் களமிறங்க வேண்டும் என்று கேட்டார். இறங்கினார்கள், இன்றுவரை இறங்கியபடியே இருக்கிறார்கள். நமது ஹாலில் அவர் பேசியிருந்தால் பொன்னாடை போர்த்தி, மெமென்டோ கொடுத்து, குரூப் போட்டோ எடுத்து, “அம்மா சாப்பிட்டுட்டுத்தான் போகணும்” என்று அன்போடு வழியனுப்பியிருப்பார்கள்.

ஐந்தாண்டு கழித்து, இலினாய் மாநிலத்தின் பியோரியா அரிமா சங்கத் தலைவர் ஜார்ஜ் பான்ஹம், பார்வையற்ற ஒருவர் கறுப்புக் கைத்தடியோடு சாலையைக் கடக்கத் தவிப்பதைக் கண்டார். வண்டிக்காரர்கள் கண்ணில் அந்தத் தடி படவில்லை. வெள்ளை அடித்துச் சிவப்புப் பட்டை போடலாமே என்று அவருக்குத் தோன்றியது. சங்கத்தில் தீர்மானம் வந்தது. 1930 டிசம்பரில் நகரச் சட்டமும் வந்தது. இதில் ஆய்வாளரைச் சங்கடப்படுத்தும் செய்தி ஒன்று உண்டு. பான்ஹமே தலைவர் என்பதால் “நீங்களே சேர்மன்” என்று அவரிடம் சொல்ல ஆள் இல்லை. ஆனாலும் அவரே செய்தார். ‘சொன்னவரே செய்யட்டும்’ என்ற அதே விதி ஒருவரை வீட்டுக்கு அனுப்புகிறது, இன்னொருவரிடம் வண்ணத் தூரிகையைக் கொடுக்கிறது. வேறுபாடு, கூட எத்தனை பேர் எழுந்தார்கள் என்பதில் இருக்கிறது என்பது என் கணிப்பு. கைதட்டிய பிறகு யார் யார் எழுந்தார்கள் என்பதை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதும் வழக்கம் இல்லாததால் இதை நிறுவ இயலவில்லை.

மேலாய்வுக்கு உரியதாக ஒன்றே ஒன்று மிஞ்சுகிறது. அரிமா சங்கங்களில் டெயில் ட்விஸ்டர் என்றொரு பதவி உண்டு. கூட்டம் கலகலப்பாக இருக்க உறுப்பினர்களுக்குச் சிறு அபராதம் விதிப்பது அவர் வேலை. தாமதமாக வந்தாலும் விதிக்கலாம், பேட்ஜ் குத்தாமல் வந்தாலும் விதிக்கலாம். ஒரே கூட்டத்தில் ஒருவருக்கு இரண்டு முறைக்கு மேல் கூடாது. அவருக்கே அபராதம் போட வேண்டுமானால் வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவரும் ஒருமனதாக வாக்களிக்க வேண்டும் என்கிறது மாதிரி உபவிதி. அந்த ‘அனைவரும்’ என்பதில் அவரும் அடக்கமா? அடக்கம் என்றால் தனக்கு எதிராகத் தானே கை தூக்க வேண்டும். இல்லை என்றால் விதியில் ஓட்டை. யோசனையைப் பாராட்டிவிட்டு எழுந்திருக்காமல் இருப்பவர்களுக்கும் இவரைக் கொண்டு அபராதம் விதிக்கலாமே என்று கடந்த கூட்டத்தில் எனக்குத் தோன்றியது.

தலைவர் நேராக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சமோசாவைச் சாப்பிட்டேன்.